எம்.எம்.ஏ. சண்டையில் ஜெயிக்கப்போவது யார்? கணிக்கத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

2022 ஆகஸ்ட் 20. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. எம்.எம்.ஏ. என்னும் கலப்புச் சண்டைப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனத்தின் நிகழ்ச்சியான யு.எஃப்.சி. 278-இன் முக்கியச் சண்டை ஐந்தாவது ரவுண்டின் கடைசி நிமிடத்துக்கு வந்துவிட்டது. வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் கமாரு உஸ்மான் மூன்று நடுவர்களின் அட்டையிலும் மூன்று ரவுண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முன்னால் இருக்கிறார். எதிரே நிற்கும் லியான் எட்வர்ட்ஸ் சோர்ந்து தெரிகிறார். அப்போது எட்வர்ட்ஸ் கையால் குத்து வருவதுபோல் காட்டினார். உஸ்மான் அதைத் தவிர்க்கத் தலையைச் சாய்த்தார். சாய்த்த பக்கமாகவே எட்வர்ட்ஸின் இடது கால் வந்து தலையில் விழுந்தது. 4 நிமிடம் 4 விநாடியில் சண்டை முடிந்தது.

அன்று காலை ‘உஸ்மான்தான்’ என்று சொன்னவர்கள் தப்பாகக் கணித்தார்களா? முடிவை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் 24 நிமிடம் நடந்த சண்டையில் பெரும்பகுதி உஸ்மான் கையில்தான் இருந்தது. அவர் ஏன் முன்னால் போவார் என்று சொன்னவர்களின் காரணங்கள் அத்தனையும் கேஜுக்குள், அதாவது வேலியிட்ட சண்டை மேடைக்குள், கண்முன்னே நடந்தன. அதனால்தான் கணிப்பை ஒரு பெயராகச் சொல்வதைவிட எண்ணாகச் சொல்வது நல்லது என்கிறேன். ‘உஸ்மான் 75, எட்வர்ட்ஸ் 25’ என்பதுபோல. 25 என்பது பூஜ்ஜியம் இல்லை. நான்கு முறை மோதினால் ஒரு முறை நடக்கக்கூடியது அது. அந்த ஒரு முறை அன்றைக்கு வந்தது.

சரி, அந்த எண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? அதுதான் இந்தக் கட்டுரை.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் சில அடிப்படைகள். எம்.எம்.ஏ. என்றால் குத்து, உதை, முழங்கை, முழங்கால், மல்யுத்தம், தரையில் பிடித்து மடக்கும் கலையான ஜியு-ஜிட்சு எல்லாவற்றுக்கும் ஒரே மேடையில் இடம் உண்டு. சாதாரணச் சண்டை ஐந்து நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. பட்டத்துக்கான சண்டையும், அன்றைய நிகழ்ச்சியின் முக்கியச் சண்டையும் ஐந்து ரவுண்டு. எதிராளியை அடித்து வீழ்த்தலாம். கழுத்தையோ கை காலையோ பூட்டி, அவரே தட்டி விட்டுக்கொடுக்கும்படி செய்யலாம்; இதைத்தான் சப்மிஷன் என்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால் மூன்று நடுவர்களின் புள்ளிகள் முடிவு செய்யும். ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. யாருடைய அடியும் பிடியும் எதிராளிக்கு அதிகப் பாதிப்பை ஏற்படுத்தின என்பதைத்தான் நடுவர்கள் முதலில் பார்க்க வேண்டும். முன்னேறிக்கொண்டே இருந்தார், கேஜின் நடுவைப் பிடித்து வைத்திருந்தார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கையுறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எம்.எம்.ஏ. கையுறை சுமார் 4 அவுன்ஸ். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 8 அல்லது 10 அவுன்ஸ். இந்தச் சின்னக் கையுறையோடு உதையும் முழங்கையும் சேரும்போது, பின்தங்கி இருப்பவர் ஒரே அடியில் எல்லாவற்றையும் புரட்டிப்போடும் வாய்ப்பு கடைசி விநாடி வரை உயிரோடு இருக்கிறது. எம்.எம்.ஏ.வில் 95 சதவீதம் என்று சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டியது இதனால்தான்.

சண்டை எங்கே நடக்கும்?

ஒரு சண்டையை எடுத்துக்கொண்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி ‘யார் பெரிய ஆள்’ என்பது இல்லை. இந்தச் சண்டை எங்கே நடக்கும், அந்த இடத்தை முடிவு செய்யும் சக்தி யாருக்கு இருக்கிறது? இதுதான் கேள்வி. எம்.எம்.ஏ. சண்டைக்கு மூன்று இடங்கள் உண்டு. எட்டி நின்று அடித்துக்கொள்ளும் தூரம் ஒன்று. கட்டிப்பிடித்துக் கேஜ் வேலியோடு அழுத்தும் நெருக்கம் இன்னொன்று, இதற்குக் கிளிஞ்ச் என்று பெயர். மூன்றாவது தரை. நின்று அடிப்பதில் ஒருவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், நிற்கவே விடாத ஒருவர் எதிரே வந்தால் அந்தத் திறமை மூட்டை கட்டி மூலையில் வைத்ததுபோல் ஆகிவிடும்.

1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றது இதை உலகத்துக்குக் காட்டியது. அவர் பெரிய உடம்புக்காரர் இல்லை. ஆனால் எதிரிகளைத் தரைக்கு இழுத்துப் போட அவருக்குத் தெரிந்திருந்தது. தரையில் என்ன செய்வது என்று எதிரிகளில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கணிப்பு எளிது. இன்று எல்லோருக்கும் எல்லாமே ஓரளவு தெரியும். அதனால் கேள்வி நுணுக்கமாகிவிட்டது: யாருக்கு எதில் எவ்வளவு கூடுதல், அதை இவர்மீது எத்தனை நிமிடம் திணிக்க முடியும்?

இதை ஒரு சண்டையை வைத்தே பார்த்துவிடலாம். 2018 அக்டோபர் 6, லாஸ் வேகஸ், யு.எஃப்.சி. 229. லைட்வெயிட் சாம்பியன் கபீப் நூர்மகமதோவ், எதிரே கானர் மெக்ரிகர். ரசிகர்களை இரண்டாகப் பிரித்த சண்டை. முடிவு தெரிந்ததை மறந்துவிட்டு, முந்தைய நாள் இரவில் உட்கார்ந்து கணிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கபீப் 26 சண்டை, 26 வெற்றி. ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியின் மல்யுத்த மரபில் வளர்ந்தவர். எதிராளியை வேலிப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், ஒரு காலைப் பிடித்து, விழவில்லை என்றால் அடுத்த காலுக்கு மாறி, அதுவும் இல்லை என்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, விழும்வரை விடாமல் தொடர்வது அவர் வழி. விழுந்த பிறகு எதிராளியின் கால்களைத் தன் கால்களால் பின்னி, ஒரு மணிக்கட்டைப் பிடித்துவைத்து, மீதமுள்ள கையால் அடிப்பார். எழுந்திருக்க முயல்வதிலேயே எதிராளிக்குத் தெம்பு தீர்ந்துவிடும். 2013-இல் ஏபல் ட்ருஹியோவோடு மூன்று ரவுண்டில் 21 முறை டேக்டவுன் எடுத்தவர், அதாவது தரையில் வீழ்த்தியவர் இவர்.

மெக்ரிகர் 21 வெற்றி, 3 தோல்வி. இந்த மூன்று தோல்வியைத்தான் கவனிக்க வேண்டும். மூன்றுமே சப்மிஷன். அவரை அடித்து யாரும் வீழ்த்தவில்லை. பிடித்து மடக்கித்தான் வென்றிருக்கிறார்கள். 2015 ஜூலையில் நல்ல மல்யுத்த வீரரான சாட் மெண்டிஸ் அவரைப் பலமுறை தரையில் வீழ்த்தினார். மெண்டிஸ் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர், அதனால் களைத்துப்போனார். இரண்டாவது ரவுண்டு முடிய மூன்று விநாடி இருக்கும்போது மெக்ரிகர் அவரை முடித்துவிட்டார். முழுத் தயாரிப்போடு வந்த, களைக்காத ஒரு மெண்டிஸ் என்ன செய்திருப்பார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. கபீப் அந்தக் கேள்வியை இன்னும் பெரிதாக்கினார்.

இன்னும் இரண்டு விஷயங்கள். மெக்ரிகர் 2016 நவம்பருக்குப் பிறகு எம்.எம்.ஏ. மேடையே ஏறவில்லை. நடுவில் 2017 ஆகஸ்டில் ஃப்ளாய்ட் மேவெதரோடு குத்துச்சண்டை மட்டும் ஆடி, பத்தாவது ரவுண்டில் தோற்றார். அங்கேயும், அதற்கு முன் நேட் டயஸோடு ஆடிய இரண்டாவது சண்டையிலும், நேரம் போகப் போக அவர் வேகம் குறைந்தது. இது ஐந்து ரவுண்டுச் சண்டை வேறு.

மெக்ரிகர் பக்கம் என்ன இருந்தது? இடது கை. ஜோஸே ஆல்டோவை 13 விநாடியில் வீழ்த்திய கை. கபீப் தலையை அதிகம் அசைக்காமல் நேராக உள்ளே வருபவர். 2016-இல் மைக்கேல் ஜான்சன் அவரை முதல் ரவுண்டில் சுத்தமாகத் தொட்டிருக்கிறார். ஜான்சனுக்குக் கிடைத்த அந்த இடைவெளி மெக்ரிகருக்குக் கிடைத்தால்?

இப்போது இதை ஒரே வரியில் எழுதிப் பார்க்கலாம்: மெக்ரிகர் ஜெயித்தால் முதல் இரண்டு ரவுண்டுக்குள் நின்ற நிலையில் ஜெயிப்பார்; அதைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் கபீப் பக்கம். எண்ணாகச் சொன்னால் கபீபுக்கு 60-லிருந்து 70 வரை எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகவே படும். அன்றைய பந்தயச் சந்தையும் கபீப் பக்கம்தான் ஓரளவு சாய்ந்திருந்தது.

நடந்தது என்ன? முதல் ரவுண்டிலேயே கபீப் காலைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுபோனார். இரண்டாவது ரவுண்டில் ஓர் ஆச்சரியம்: நின்ற நிலையில் கபீப் வீசிய வலது கைக் குத்தில் மெக்ரிகர் கீழே விழுந்தார். டேக்டவுன் வருகிறதா என்று கீழேயே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மேலே வரும் குத்து தெரியாது; தரையில் இருக்கும் பயம் நின்ற நிலையையும் கெடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மூன்றாவது ரவுண்டு நின்றபடியே போனது, அது மெக்ரிகருக்கு. நான்காவது ரவுண்டில் 3 நிமிடம் 3 விநாடியில் கபீபின் கழுத்துப் பிடிக்கு மெக்ரிகர் தட்டிவிட்டார். நான்காவது தோல்வி, அதுவும் சப்மிஷன்.

‘அவர் இவரை ஜெயித்தார், இவர் அவரை...’

தொடங்குபவர்கள் எல்லோரும் போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. அ ஆவை ஜெயித்தார், ஆ இயை ஜெயித்தார், எனவே அ இயை ஜெயிப்பார். லைட்வெயிட், வெல்டர்வெயிட் பக்கம் நடந்த நான்கு சண்டைகளை இந்தக் கணக்கில் போடுங்கள். 2014 டிசம்பரில் ரஃபேல் டோஸ் அஞ்சோஸ், நேட் டயஸைத் தோற்கடித்தார். 2016 மார்ச்சில் டயஸ், மெக்ரிகரைத் தோற்கடித்தார். அதே ஆண்டு நவம்பரில் மெக்ரிகர், எடி ஆல்வரஸைத் தோற்கடித்தார். அந்த ஆல்வரஸ்தான் அதே ஆண்டு ஜூலையில் டோஸ் அஞ்சோஸை முதல் ரவுண்டிலேயே தோற்கடித்திருந்தார். வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. இந்தக் கணக்குப்படி நான்கு பேரும் தங்களையே தோற்கடிக்க வேண்டும்!

இதில் யாரும் மோசமான சண்டைக்காரர் இல்லை. டோஸ் அஞ்சோஸ் கீழ்க்கால் உதையாலும் அழுத்தத்தாலும் டயஸை நகரவிடாமல் செய்தார். டயஸின் நீண்ட கையும் ஜியு-ஜிட்சுவும் மெக்ரிகருக்குத் தலைவலி. ஆல்வரஸ் உள்ளே வரும் விதம் மெக்ரிகரின் இடது கைக்கு வாகாக அமைந்தது. ஒருவருடைய பழக்கம் இன்னொருவருடைய ஆயுதத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் விஷயம். எனவே பழைய சண்டை ஒன்றைப் பார்க்கும்போது, அதில் வந்த எதிராளி வரப்போகும் எதிராளியைப் போன்றவரா என்று பாருங்கள். சவுத்பா நிலையில், அதாவது வலது காலை முன்வைத்து நிற்பவரோடு மோதப் போகிறார் என்றால், இதற்கு முன் மோதிய சவுத்பா சண்டைகளை மட்டும் தேடி எடுங்கள். எட்வர்ட்ஸ் அப்படி நிற்பவர்தான். 2015-இல் ரோண்டா ரௌசியை உதைத்து வீழ்த்திய ஹோலி ஹோமும் அப்படித்தான். இருவருக்கும் முடிவைக் கொண்டுவந்தது பின்னால் இருந்து வந்த இடது கால்.

ரௌசியின் அந்தத் தோல்வியைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மெல்பர்னில் 56,000-க்கும் மேற்பட்டோர் பார்க்க நடந்த சண்டை. அதுவரை ரௌசி 12 சண்டை, 12 வெற்றி. கடைசி மூன்று வெற்றிகள் 16, 14, 34 விநாடிகளில். பார்ப்பவர்களுக்கு அவர் வெல்லவே முடியாதவராகத் தெரிந்தார். ஆனால் அந்த மூன்றையும் கூட்டினால் ஒரு நிமிடம் 4 விநாடி. அவ்வளவுதான் நம் கையில் இருந்த புதிய தகவல். எதிராளி வட்டமாக விலகிப் போனால் என்ன செய்வார்? முதல் திட்டம் பலிக்கவில்லை என்றால் இரண்டாவது திட்டம் உண்டா? இதற்கெல்லாம் அந்த 64 விநாடியில் பதில் இல்லை. ஹோம் குத்துச்சண்டையில் உலகப் பட்டங்கள் வென்றவர், பின்வாங்கியபடியே சுற்றி நடந்து அடிக்கத் தெரிந்தவர். ரௌசி நேர்க்கோட்டில் துரத்தினார், அடி வாங்கினார், இரண்டாவது ரவுண்டின் முதல் நிமிடத்துக்குள் விழுந்தார். வேகமாக ஜெயிப்பவரை எல்லோரும் மிகையாக மதிப்பிடுகிறோம். அவருடைய திறமை உண்மை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததுதான் குறைவு.

புள்ளிவிவரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

யு.எஃப்.சி. ஒவ்வொரு வீரருக்கும் எண்களை வெளியிடுகிறது: நிமிடத்துக்கு எத்தனை அடி கொடுக்கிறார், எத்தனை வாங்குகிறார், டேக்டவுன் முயற்சியில் எத்தனை சதவீதம் பலிக்கிறது, எதிராளியின் முயற்சியில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறார். கட்டாயம் பாருங்கள். ஆனால் எண்ணைப் பார்த்ததும் அடுத்த கேள்வி கேளுங்கள்: யாரிடம் எடுத்த எண்?

யு.எஃப்.சி. 278-க்கு வரும்வரை உஸ்மானின் டேக்டவுன் தடுப்பு 100 சதவீதம். யு.எஃப்.சி.யில் யாருமே அவரைத் தரையில் வீழ்த்தியதில்லை. அந்த இரவின் முதல் ரவுண்டிலேயே எட்வர்ட்ஸ் அவரை வீழ்த்தி, முதுகுப்புறம் ஏறிக் கட்டிக்கொண்டார். எட்வர்ட்ஸைப் பெரிய மல்யுத்தக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. 100 என்ற எண் பொய் இல்லை. ஆனால் உஸ்மானோடு மல்யுத்தத்துக்குப் போவது வீண் என்று பலர் முயற்சியே செய்யாமல் விட்டதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

கை நீளமும் அப்படித்தான். மெக்ரிகருக்கு விரித்த கைகளின் அளவு 188 சென்டிமீட்டர், கபீபுக்கு 178. பத்து சென்டிமீட்டர் என்பது நின்று அடிக்கும்போது பெரிய வித்தியாசம். மார்போடு மார்பு ஒட்டிக் கிடக்கும்போது அதனால் பயனில்லை. முதல் கேள்விக்கே திரும்பி வருகிறோம் பாருங்கள், சண்டை எங்கே நடக்கும் என்று தெரியாமல் எந்த எண்ணுக்கும் மதிப்புப் போட முடியாது.

உடம்பு, எடை, வயது

எடைப் பிரிவுகள் இறுக்கமானவை. லைட்வெயிட் 155 பவுண்டு, அதாவது 70.3 கிலோ. வெல்டர்வெயிட் 170 பவுண்டு, 77.1 கிலோ. சண்டைக்கு முந்தைய நாள் காலையில் எடை பார்ப்பார்கள். பலர் சாதாரண நாளில் இதைவிட நிறையக் கூடுதல் எடையில் இருப்பவர்கள். கடைசி வாரத்தில் உப்பையும் தண்ணீரையும் குறைத்து, வெந்நீரிலும் நீராவியிலும் உட்கார்ந்து வியர்வையாக வெளியேற்றி, எடைக்கருவியில் நின்ற பிறகு மறுபடி குடித்துச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். உடம்பை வதைக்கும் வேலை இது. 2017 மார்ச்சில் கபீப் எடை குறைக்கும்போது மருத்துவமனையில் சேர வேண்டியதாகி, டோனி ஃபெர்குசனோடு நடக்கவிருந்த சண்டையே ரத்தானது. அதனால் கணிப்பை எடை பார்த்த பிறகு ஒரு முறை திருத்துவது நல்ல பழக்கம். குழிவிழுந்த கண், வெடித்த உதடு, மேடையில் நிற்கவே தடுமாறுவது, எடையைத் தவறவிடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். முகத்துக்கு முகம் நின்று முறைத்துக்கொள்வதையும், செய்தியாளர் கூட்டத்தில் விடும் சவால்களையும் நான் கணக்கில் எடுப்பதே இல்லை. டிக்கெட் விற்க அது உதவும், கணிக்க உதவாது.

பிரிவு விட்டுப் பிரிவு போவது தனிக் கவனம் கேட்கும் விஷயம். 2021 மார்ச்சில் மிடில்வெயிட் (185 பவுண்டு) சாம்பியன் இஸ்ரேல் அடசான்யா அதுவரை எம்.எம்.ஏ.வில் தோற்றதே இல்லை. 205 பவுண்டுப் பிரிவின் சாம்பியன் யான் பிளாஹோவிச்சோடு மோத மேலே போனார். எடைக்கருவியில் 200.5 பவுண்டுதான் காட்டினார். நின்ற நிலையில் சமமாகவே ஆடினார். ஆனால் நான்காவது, ஐந்தாவது ரவுண்டுகளில் பிளாஹோவிச் அவரைத் தரையில் போட்டு மேலே அழுத்தியபோது, அந்த எடையை அவரால் தூக்கி எறிய முடியவில்லை. புள்ளியில் தோற்றார்.

வயதைப் பற்றிச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் பிடித்தமான வீரர்களுக்குத்தான் இது முதலில் நடக்கிறது. மேற்சொன்ன ஃபெர்குசன் தொடர்ச்சியாக 12 சண்டை ஜெயித்தவர். 2020 மே மாதம், 36 வயதில் ஜஸ்டின் கேத்ஜியிடம் தோற்றார். அதையும் சேர்த்து வரிசையாக எட்டுத் தோல்வி. ஒவ்வொரு முறையும் ‘பழைய டோனி வருவார்’ என்று நம்பியவர்கள் இருந்தார்கள். எடை குறைந்த பிரிவுகளில் வேகமும் அடியைத் தாங்கும் சக்தியும்தான் முதலில் போகின்றன; பல சுற்று அடி வாங்கிய ஒரு கொடூரமான தோல்விக்குப் பிறகு அந்தச் சரிவு திடீரென்று வரும். ஹெவிவெயிட்டில் இது கொஞ்சம் மெதுவாக வருகிறது, அங்கே ஒரே குத்து போதும் என்பதால் வயதானவர்களும் தாக்குப்பிடிக்கிறார்கள்.

கபீபும் ஃபெர்குசனும் மோத ஐந்து முறை ஏற்பாடானது. ஐந்து முறையும் நடக்கவில்லை. விலா எலும்புக் காயம், நுரையீரலில் நீர், எடைச் சிக்கல், பெருந்தொற்று. ஒரு முறை ஃபெர்குசன் தொலைக்காட்சி அரங்கில் கேபிள் தடுக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். எனவே ஒரு மாதத்துக்கு முன்பே அசையாத கணிப்பு எழுதிவைப்பதில் பெரிய பயன் இல்லை. ஆள் மாறினால் கணிப்பை முதலிலிருந்து போட வேண்டும். மாற்று ஆள் என்றாலே தோற்பவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2016 மார்ச்சில் டயஸ், டோஸ் அஞ்சோஸுக்குப் பதிலாக 11 நாள் அவகாசத்தில் வந்தவர்தான். எடை குறைக்க நேரமில்லாததால் சண்டை 170 பவுண்டுக்கு மாறியது. மெக்ரிகர் 145 பவுண்டுச் சாம்பியன்! அவசர அழைப்பு டயஸுக்குத் தொந்தரவு, எடை மாற்றமோ அவருக்கு வரம்.

சந்தையின் எண்ணைப் படிப்பது

ஆட்ஸ் என்று சொல்லப்படும் பந்தய விலைகளைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டச் சொல்லி இதை எழுதவில்லை. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், 2025-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் இணையத்தில் பணம் வைத்துச் சூதாடுவதைத் தடை செய்கின்றன. அந்தப் பழக்கத்தால் வீடு இழந்த குடும்பங்களின் கதை நமக்குப் புதிதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோரின் கணிப்பு ஒன்றுசேர்ந்த எண் என்ற வகையில், நம் கணிப்பை உரசிப் பார்க்க அது நல்ல கல்.

அமெரிக்க முறையில் கழித்தல் குறியோடு வருபவர் ஜெயிக்க வாய்ப்பு அதிகமுள்ளவர். −200 என்றால் 100 சம்பாதிக்க 200 வைக்க வேண்டும். வாய்ப்பு: 200-ஐ 300-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம். எதிராளி +170 என்றால் 100 வைத்தால் 170 கிடைக்கும். 100-ஐ 270-ஆல் வகுத்தால் 37 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 103.7. நூறைத் தாண்டிய அந்த 3.7 நிறுவனத்தின் பங்கு. அதை நீக்க, ஒவ்வொன்றையும் 103.7-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: சுமார் 64.3, 35.7. சந்தை உண்மையில் சொல்லும் எண் இதுதான்.

முதலில் உங்கள் எண்ணை எழுதுங்கள், அப்புறம் சந்தையைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் சந்தையின் எண் மனத்தில் ஒட்டிக்கொண்டு, உங்கள் காரணங்கள் அதற்கேற்ப வளைந்துவிடும். இரண்டும் ஐந்தாறு புள்ளிக்குள் இருந்தால் சரி. இருபது புள்ளி வித்தியாசம் வந்தால், சந்தைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு காயச் செய்தியாக இருக்கலாம், நீங்கள் பார்க்காத ஒரு பழைய சண்டையாக இருக்கலாம். தேடிப் பாருங்கள். தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தைரியமாக உங்கள் எண்ணில் நில்லுங்கள். 2023 மார்ச்சில் லண்டனில் உஸ்மானும் எட்வர்ட்ஸும் மூன்றாவது முறை மோதியபோது சந்தை உஸ்மான் பக்கமே இருந்தது. எட்வர்ட்ஸ் வேலியைப் பிடித்ததற்காக ஒரு புள்ளி இழந்தும், டேக்டவுன்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்து, உதைகளால் புள்ளி சேர்த்து ஜெயித்தார். முந்தைய சண்டையின் கடைசி உதையை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியவர்கள், அதே சண்டையின் முதல் ரவுண்டை மறந்துபோனார்கள்.

எண்ணுக்கு மதிப்பெண் போடுவது

பெயரை மட்டும் சொன்னால் சரி, தப்பு என்று முடிந்துவிடும். எண்ணாகச் சொன்னால் எப்படி மதிப்பிடுவது? இதற்கு வழி சொன்னவர் க்ளென் பிரையர், அமெரிக்க வானிலைத் துறைக்காரர். ‘நாளை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு’ என்ற வகைக் கணிப்புகளைச் சோதிக்க 1950-இல் அவர் தந்த முறை சண்டைக்கும் அப்படியே பொருந்தும்.

நீங்கள் 70 சதவீதம் கொடுத்தவர் ஜெயித்தால், 1-லிருந்து 0.7-ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.09. அவர் தோற்றால் 0.7-இன் வர்க்கம்: 0.49. 90 கொடுத்தவர் தோற்றால் 0.81, பலத்த அடி. எதுவும் தெரியாமல் எல்லாவற்றுக்கும் 50 போட்டால் எப்போதும் 0.25. குறைவாக வந்தால் நல்லது. உங்கள் சராசரி 0.25-க்குக் கீழே இருந்தால் உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பொருள். அதே சண்டைகளுக்குச் சந்தையின் எண்ணை வைத்தும் சராசரி போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அதை முந்துவது மிகக் கடினம், நெருங்கினாலே பெருமைப்படலாம்.

நம்மூர் நேரத்துக்கு அமெரிக்கப் போட்டிகளின் முக்கியச் சண்டைகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் வரும். சனி இரவு, எடை பார்த்த செய்தி வந்த பிறகு, ஒவ்வொரு சண்டைக்கும் பெயர், எண், எங்கே நடக்கும், எப்படி முடியும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பார்த்து முடித்ததும் எண்ணை ஒரு பக்கமும் காரணத்தை ஒரு பக்கமும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ‘தரைக்குக் கொண்டுபோவார், புள்ளியில் ஜெயிப்பார்’ என்று நீங்கள் எழுதிய வீரர் நின்ற நிலையில் தற்செயலாக ஒரு குத்தால் ஜெயித்திருந்தால், மதிப்பெண் நல்லது, காரணம் தப்பு. அடுத்த முறை அவர் எண்ணைக் குறைக்க வேண்டியிருக்கலாம். முதல் சில சண்டைகளின் சராசரியை நம்ப வேண்டாம். ஐம்பது சண்டையாவது சேர்ந்தால்தான், 70 போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஜெயிக்கிறார்களா என்று ஓரளவு பார்க்க முடியும். ஒன்பது பேர் ஜெயிக்கிறார்கள் என்றால் நீங்கள் பயந்து பயந்து எண் போடுகிறீர்கள். ஐந்து பேர்தான் என்றால் உங்கள் 70 வெறும் 50-தான்.

அறிமுகச் சண்டைக்காரர்கள், ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்து வருபவர்கள், இருவரும் ஒரே பாணியில் நின்று அடித்துப் புள்ளிக்குப் போகக்கூடிய மூன்று ரவுண்டுச் சண்டைகள் ஆகியவற்றுக்கு 50-லிருந்து 55 வரைக்குள் எண்ணை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில், உங்களுக்கு உண்மையாகவே ஆர்வமுள்ள ஒரு சண்டைக்கு இரண்டு வீரர்களின் பழைய சண்டைகளையும், முக்கியமாக அவர்கள் தோற்ற சண்டைகளை, முழுசாகப் பார்க்கலாம்.